கூட்டமே உழைக்கிறது, ஒரு சிலரே ஈனுகின்றனர்: விலங்குக் கூட்டங்களில் இனப்பெருக்கப் பங்கீடு (விவாத இழை)

பள்ளத்தூர் ஆசிரியை எழுதியது:

செட்டிநாட்டு வீடுகளின் பின்கட்டைத் தாண்டிக் கொல்லையில் ஒரு வேம்போ புளியோ நின்றால் அங்கே தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று இருக்கும் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். ஆறேழு பறவைகள் சேர்ந்து சருகைக் கிளறும்; ஒன்று உயரத்தில் அமர்ந்து காவல் பார்க்கும்; பாம்போ பூனையோ தென்பட்டால் எல்லாம் ஒருமிக்கக் கத்தும். கூடு கட்டும் காலம் வந்தால் அத்தனை பறவைகளுக்கும் பெரும்பாலும் ஒரு கூடுதான். முட்டையிட்டது எந்தப் பறவை என்று நமக்குத் தெரியாவிட்டாலும், குஞ்சு பொரித்த பின் புழுவும் பூச்சியும் கொண்டுவந்து ஊட்டுபவை இரண்டுக்கு மேற்பட்டவை என்பதைப் பொறுமையாகப் பார்க்கும் எவரும் அறியலாம்.

என் மாணவியர் கேட்கும் கேள்விக்கு நிறைவான விடை வேண்டி இந்த இழையைத் தொடங்குகிறேன். வளர்ந்து, உடல் வலுவோடு இருக்கும் பறவைகள் தமக்கென்று கூடு கட்டாமல் மற்றொன்றின் குஞ்சுக்கு இரை சுமப்பது ஏன்? வழக்கமாகச் சொல்லப்படும் விடைகள் இரண்டு. இனம் வாழ வேண்டும் என்பதற்காகச் சில உயிர்கள் தம்மை ஒடுக்கிக்கொள்கின்றன என்பது ஒன்று; வலியது எளியதை அடக்கி வைக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் கேள்வியை முடித்துவைக்கின்றனவே ஒழிய விளக்குவதாக எனக்குத் தோன்றவில்லை. விலங்கியல் அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

தேவகோட்டை விரிவுரையாளர் (ஓய்வு) எழுதியது:

முதல் விடையை முற்றிலும் விலக்கிவிடலாம், அம்மா. இனத்தின் நலனுக்காகத் தன் ஈற்றைக் கைவிடும் இயல்பு ஒரு கூட்டத்தில் தோன்றினாலும், அக்கூட்டத்திலேயே அவ்வாறு கைவிடாத உயிர்களின் வழித்தோன்றல்களே அடுத்த தலைமுறையில் மிகுந்திருக்கும் என்பதால் அந்த இயல்பு நிலைக்காது. 1964இல் பிரித்தானிய உயிரியலர் ஹாமில்டன் வெளியிட்ட இரண்டு கட்டுரைகள் இதற்கு வேறொரு வழி காட்டின. உடன்பிறந்தாரிடமும் நம்மிடம் உள்ள மரபணுக்களின் படிகள் இருக்கின்றன. ஆகவே உறவினரின் பிள்ளைகளை வளர்ப்பதும், உறவின் நெருக்கத்திற்கேற்ப, தன் மரபணுக்களை அடுத்த தலைமுறைக்கு அனுப்புவதாகவே கணக்காகும். உதவியால் உறவினருக்குக் கிடைக்கும் ஆதாயத்தை உறவின் அளவால் பெருக்கினால், அது உதவுபவரின் இழப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அவர் முன்வைத்த நிபந்தனை அவ்வளவுதான்.

ஆனால் உறவு மட்டும் போதிய விளக்கமாகாது. பெண் சிங்கங்கள் ஒரு கூட்டத்தில் தாயும் மகளும் அக்காள் தங்கையுமாக நெருங்கிய உறவினராகவே வாழ்கின்றன. ஆயினும் அவற்றிடையே ஈனும் வாய்ப்பு ஏறத்தாழச் சமமாகவே பகிரப்படுகிறது என்பதைக் கிரேக் பேக்கரும் அவருடன் ஆய்ந்தவர்களும் தான்சானியச் சிங்கங்களின் நீண்ட காலப் பதிவுகளைக் கொண்டு 2001இல் காட்டினர். அதே ஆப்பிரிக்காவின் கலகாரி வறண்ட நிலத்தில் வாழும் மீர்காட் கீரிகளும் உறவினர் கூட்டமே. அங்கோ பிறக்கும் ஈற்றுகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு தலைமைப் பெண் ஒன்றுக்கே உரியவை. கிழக்கு ஆப்பிரிக்காவில் மண்ணுக்கடியில் வாழும் முடியற்ற துன்னெலிகளிடம் இது முற்றிப்போய், எழுபது எண்பது எலிகள் உள்ள வளையில் ஒரே ஒரு பெண் மட்டும் ஈனுகிறது. 1981இல் ஜெனிபர் ஜார்விஸ் இதை வெளியிட்டபோது, தேனீ, எறும்பு, கறையான் போன்ற பூச்சிகளிடம் மட்டுமே உண்டு என்று கருதப்பட்ட வாழ்க்கைமுறை ஒரு பாலூட்டியிடமும் இருப்பதை உலகம் அறிந்தது.

நம் பக்கத்து எடுத்துக்காட்டும் இருக்கிறது. சிவகாசிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஜான்சிங் 1970களில் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டத்தைப் பின்தொடர்ந்து ஆய்ந்தார். பெரும்பாலும் ஒரு பெண் நாய் ஈனுகிறது. மற்றவை வேட்டையாடித் தின்ற இறைச்சியைக் கக்கி, தாய்க்கும் குட்டிகளுக்கும் ஊட்டுகின்றன. சிவகாசிப் பகுதியின் தவிட்டுக்குருவிகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார் என்பதை உங்கள் மாணவியரிடம் சொல்லுங்கள்.

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

நான் வணிகம் செய்பவன். விலங்கியல் படித்தவன் அல்லன். எனினும் இந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் வீட்டு வழக்கம் நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன். நகரத்தார் வீட்டில் மகனுக்குத் திருமணம் ஆனதும், ஒரே வளவைச் சுற்றி வாழ்ந்தாலும், அவனுக்கென்று ஓர் அறையும் தனி அடுப்பும் கொடுத்து வேறு வைத்துவிடுவார்கள். கோயில் வரி கணக்கிடும்போதும் அந்த இணையர் தனி ஒரு புள்ளி. பெரிய வீட்டில் எத்தனை இணையர் இருந்தாலும் அத்தனை புள்ளி. தவிட்டுக்குருவியின் வீட்டிலோ எத்தனை பறவை இருந்தாலும் புள்ளி ஒன்றுதான் போலும். அப்படியானால் மற்றவை வீட்டை விட்டுப் போகாமல் இருப்பது ஏன்? பங்கு கிடைக்காத இடத்தில் யாரும் உழைக்கமாட்டார்கள் என்பது நான் தொழிலில் கண்டது. ஆகவே தலைவன் அடக்கி வைக்கிறான் என்ற இரண்டாம் விடையே சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

காரைக்குடி ஆய்வு மாணவர் எழுதியது:

ஐயா கேட்ட கேள்வியில்தான் இத்துறையின் மையமே இருக்கிறது. போகாமல் இருப்பது ஏன் என்று கேட்கும்போதே, போனால் என்ன கிடைக்கும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டியதாகிறது. 1983இல் சாண்ட்ரா வெரன்காம்ப் இதைக் கணித முறையில் எழுதினார். தலைமையில் இருக்கும் உயிருக்கு மற்றதன் உதவி தேவை. உதவும் உயிருக்கோ தனியே போகும் வழி திறந்திருக்கிறது. ஆகவே அது போகாமல் இருப்பதற்குத் தேவையான அளவு பங்கைத் தலைமை விட்டுக்கொடுக்கும், அதற்கு மேல் கொடுக்காது என்பதே அவர் கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்திற்காக நான் வைத்துக்கொண்டவை. மூத்தது தனியே இருந்தால் 3 குஞ்சுகளை வளர்க்கும், இளையது தனியே போனால் 1 குஞ்சை வளர்க்கும், இருவரும் சேர்ந்தால் 5 குஞ்சுகளை வளர்க்க முடியும் என்று கொள்வோம். இருவரும் உறவினர் அல்லர் என்றால், இளையது தங்குவதற்கு 5இல் 1 குஞ்சாவது அதனுடையதாக இருக்க வேண்டும். இருவரும் முழு உடன்பிறப்புகள் என்றால் மூத்ததன் ஒவ்வொரு குஞ்சும் இளையதற்கு அரைக் குஞ்சாகக் கணக்காகும். பிரிந்துபோனால் அதற்குத் தன் குஞ்சு 1, மூத்ததன் மூன்றிலிருந்து ஒன்றரை, ஆக இரண்டரை. தங்கினால், தனக்கென்று ஒன்றுகூட இல்லாவிட்டாலும், ஐந்தில் பாதியாக அதே இரண்டரை. அதாவது பங்கே கொடுக்காமல் மூத்தது இளையதைத் தங்கவைத்துக்கொள்ள முடியும். இனி, வெளியே நல்ல இடம் கிடைத்து இளையது தனியே வளர்க்கக்கூடியது சராசரியாக ஒன்றரைக் குஞ்சு ஆகிவிட்டால், உடன்பிறப்பாக இருந்தாலும் ஐந்தில் ஒன்றை அதற்கு விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

உறவு நெருங்க நெருங்கவும், வெளியில் இடம் அரிதாக அரிதாகவும், பங்கீட்டின் ஏற்றத்தாழ்வு கூடும் என்ற முடிவு இதிலிருந்து கிடைக்கிறது. கொடுமை மிகுந்த இடத்தில்தான் ஏற்றத்தாழ்வு மிகும் என்று எதிர்பார்ப்போம். இந்தக் கணக்கோ மிக நெருங்கிய உறவினரிடையேதான் அது மிகும் என்கிறது.

வெளியில் இடம் இல்லாமை எவ்வளவு வலிய காரணம் என்பதற்கு ஓர் அருமையான களச்சோதனை உண்டு. இந்தியப் பெருங்கடலின் சீசெல்சுத் தீவுகளில் கசின் என்ற சின்னஞ்சிறு தீவில் மட்டும் எஞ்சியிருந்த கதிர்க்குருவிகளுள் 29ஐ 1988இல் அரீடு தீவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கசின் தீவில் அவை விட்டுச்சென்ற இடங்களை, அதுவரை பெற்றோருக்கு உதவிக்கொண்டிருந்த இளம் பறவைகள் உடனடியாகப் பிடித்துக்கொண்டு ஈனத் தொடங்கின. அரீடு தீவில் நல்ல இடம் மிகுந்திருந்த தொடக்க ஆண்டுகளில் உதவிப் பறவைகளே இல்லை. நல்ல இடங்கள் நிரம்பிய பிறகு அங்கும் அவை தோன்றின. யான் கோம்டூர் 1992இல் வெளியிட்ட இந்த முடிவு, உதவி செய்வது அப்பறவையின் மாறாத குணம் என்ற எண்ணத்தை அடியோடு மாற்றியது.

கண்டனூர் தேனீ வளர்ப்பவர் எழுதியது:

தலைமை அடக்குகிறது என்ற கருத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்கிறேன். தேனீப் பெட்டியில் இராணி ஆட்சி செய்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது. இராணி யாரையும் விரட்டுவதில்லை. அடையில் நகர்ந்து முட்டையிட்டுக்கொண்டே போகிறது. முப்பதாயிரம் பணித்தேனீக்கள் உள்ள கூட்டில் ஒவ்வொன்றையும் அது எப்படிக் கண்காணிக்க முடியும்?

பணித்தேனீக்களுக்கும் முட்டையிட முடியும். அவை ஆணோடு கூடுவதில்லை என்பதால் அந்த முட்டைகளிலிருந்து ஆண் ஈக்கள் மட்டுமே வரும். நம் அடுக்குத் தேனீயில் இராணி இறந்து, புது இராணியும் உருவாகாமல் போனால், சில நாள்களிலேயே பணித்தேனீக்கள் முட்டையிடத் தொடங்கிவிடும். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள், அதுவும் அறையின் அடியில் நடுவே இல்லாமல் சுவரோரம் ஒட்டிக் கிடந்தால், அந்தப் பெட்டியைக் காப்பது கடினம். இராணி இருக்கும் பெட்டியிலும் ஒரு சில பணித்தேனீக்கள் முட்டையிட முயல்கின்றன. அவற்றை மற்றப் பணித்தேனீக்களே தேடித் தின்றுவிடுகின்றன. மேலைநாட்டுத் தேனீயில் இதை ராட்னிக்சும் விஷரும் 1989இல் சோதனையால் நிறுவினார்கள்.

காரணம் உறவுக் கணக்கில் இருக்கிறது. இராணி பல ஆண்களோடு கூடுகிறது. ஆகவே கூட்டில் உள்ள பணித்தேனீக்கள் பெரும்பாலும் தாய் ஒன்று, தந்தை வேறு என்ற அரை உடன்பிறப்புகள். ஒரு பணித்தேனீக்கு இராணியின் மகன் நான்கில் ஒரு பங்கு உறவு. அரை உடன்பிறப்பின் மகனோ எட்டில் ஒரு பங்குதான். ஆகவே மற்றப் பணித்தேனீயின் முட்டையை அழித்து இராணியின் முட்டையைக் காப்பது அதற்கு ஆதாயம். இராணி ஒரே ஆணோடு கூடியிருந்தால் உடன்பிறப்பின் மகன் எட்டில் மூன்று பங்கு ஆகிவிடுவான், கணக்குத் தலைகீழாகும். ஏற்றத்தாழ்வு இங்கே மிகக் கடுமையானது, ஆனால் அதைக் காப்பது தலைமை அன்று, ஈனாதவர்களின் கூட்டம்.

கானாடுகாத்தான் வளவு எழுதியது:

தேனீ வளர்ப்பவர் எழுதியது என் எண்ணத்தை வேறு பக்கம் திருப்புகிறது. எண்ணாயிரம் பேர் சேர்ந்து ஒருவரை மறிப்பதற்கும், ஒருவர் எல்லோரையும் மறிப்பதற்கும் வெளியிலிருந்து பார்க்கும்போது விளைவு ஒன்றுதானே? அப்படியிருக்க, எந்தக் கூட்டத்தில் எது நடக்கிறது என்பதை எவ்வாறு பிரித்தறிகிறார்கள்?

காரைக்குடி ஆய்வு மாணவர் எழுதியது:

ஈனுவதில் யாருக்கு எத்தனை பங்கு என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பிரித்தறிய முடியாது, ஐயா. அதுதான் இத்துறையை நெடுங்காலம் அலைக்கழித்த இடர்ப்பாடு. வெரன்காம்பின் வழியில் வந்த விட்டுக்கொடுப்புக் கருத்துக்கு எதிராக இன்னும் இரண்டு கருத்துகள் எழுந்தன. பங்கைத் தீர்மானிப்பது இளையதே. தலைமை தன்னைத் துரத்திவிடாத எல்லைக்குள் அது தன்னை அடக்கிக்கொள்கிறது என்பது ஒன்று. யாருக்கும் முழுக் கட்டுப்பாடு இல்லை. இருவரும் ஆற்றலைச் செலவிட்டு இழுபறி செய்வதன் விளைவே பங்கு என்பது மற்றொன்று. விட்டுக்கொடுப்புக் கருத்தின்படி உறவு நெருங்கினால் ஏற்றத்தாழ்வு கூடும்; துரத்தலுக்கு அஞ்சும் கருத்தின்படி குறையும்; இழுபறிக் கருத்தின்படி உறவால் பெரிய மாற்றம் இராது. களத்தில் கிடைத்த முடிவுகளோ ஒரு விலங்கில் இப்படியும் மற்றொன்றில் அப்படியும் இருந்தன. ஆகவே, எண்ணைத் தாண்டி, தலைமையை நீக்கினால் என்ன ஆகிறது, இளையதை மலடாக்கினால் என்ன ஆகிறது என்று தலையிட்டுப் பார்க்கும் சோதனைகளே உண்மையில் வழிகாட்டுகின்றன.

அத்தகைய சோதனைகளுள் எனக்கு மிகவும் பிடித்தது பெங்களூரில் நடந்தது. இந்திய அறிவியல் கழகத்தில் இராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆய்ந்துவரும் உரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற குளவி தென்னிந்தியா எங்கும் உண்டு. சன்னல் மேற்புறத்திலும் தாழ்வாரத்து இறப்பிலும் காகிதம் போன்ற பொருளால் சிறு அறைகளைக் கட்டித் தொங்கவிடும் குளவி அது. அதன் குளவிகள் எல்லாம் உருவில் ஒன்றே. இராணி என்று பிறப்பதில்லை. எந்தப் பெண் குளவியும் முட்டையிடும் தகுதி உள்ளதே. ஆயினும் ஒரு நேரத்தில் ஒரு குளவிதான் முட்டையிடுகிறது.

முட்டையிடும் அந்தக் குளவிதான் கூட்டை அடக்கி ஆளும் முரட்டுக் குளவியாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் பார்த்தால், அது சாதுவாக இருக்கிறது. பணிக்குளவிகள் சிலவே ஒன்றையொன்று அதட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த இராணியை எடுத்துவிட்டால் நடப்பது வியப்பளிப்பது. அரை மணி நேரத்திற்குள் பணிக்குளவி ஒன்று, அதுவரை சிறப்பாக ஒன்றும் தெரியாமல் இருந்தது, மற்றவற்றைத் திரும்பத் திரும்பத் தாக்கத் தொடங்குகிறது. இராணியைத் திருப்பி வைத்தால் அது மீண்டும் பணிக்குளவியாகிவிடும். வைக்காவிட்டால் அதன் சீற்றம் நாளுக்கு நாள் தணிந்து, ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிடத் தொடங்கி, முன்னைய இராணியைப் போலவே சாதுவாகிவிடுகிறது.

அடுத்து வரப்போவது எது என்பதை இராணி இருக்கும்போது நாம் கண்டறிய முடிவதில்லை. அடக்கும் வரிசையில் முதலில் இருப்பதுதான் வரும் என்றில்லை. ஆனால் குளவிகளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அனிந்திதா பத்ராவும் கடக்கரும் 2008இல் காட்டினார்கள். கூட்டை வலையால் இரண்டாகப் பிரித்து, இராணி இல்லாத பக்கத்தில் ஒரு குளவி சீற்றம் கொண்டு எழுந்ததும், இராணியை அந்தப் பக்கத்திற்கு மாற்றினர். சில கூடுகளில் இராணியற்ற மறுபக்கத்திலிருந்து வேறொரு குளவி எழுந்தது. அது உண்மையான வாரிசாக இருந்தால், மீண்டும் பக்கம் மாற்றிய பின்னும் முதலாவது குளவி அதற்கு எதிராக எழவில்லை. வரிசையில் யார் அடுத்தது என்ற அறிவு கூட்டில் ஏற்கெனவே இருந்திருக்கிறது; அதற்காகச் சண்டை நடக்கவில்லை. தான் இருக்கிறேன் என்பதை இராணி தன் வயிற்றுப்புறத்துச் சுரப்பியின் வேதிப்பொருளைக் கூட்டின் மேல் தேய்த்துத் தெரிவிப்பதாக அவர்களின் பிற சோதனைகள் காட்டின. நெருங்கிய இனமான உரோபாலிடியா சயாத்திபார்மிசில் இராணியே முரட்டுக் குளவி. இரண்டிலும் ஈனுவது பெரும்பாலும் ஒன்றுதான். அந்த நிலைக்கு வந்த வழி வேறு வேறு.

புதுவயல் எழுதியது:

இழையின் போக்கு, விலங்குக் கூட்டங்கள் எல்லாம் உடன்பாட்டால் நடக்கின்றன என்ற எண்ணத்தை ஏற்படுத்திவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். மீர்காட் கூட்டத்தில் தலைமைப் பெண், தான் ஈனும் காலம் நெருங்கும்போது, கருவுற்ற இளைய பெண்களைக் கடித்து விரட்டுகிறது. விரட்டப்பட்டவை தனியே திரியும் நாள்களில் மெலிந்து, உடலில் அழுத்தச் சுரப்பு மிகுந்து, பலவற்றின் கரு கலைந்துவிடுகிறது. தப்பித்தவறி இளையது ஈன்றால் அந்தக் குட்டிகளைத் தலைமைப் பெண் கொன்றுவிடுவதும் உண்டு. பின்பு அந்த இளையது தலைமைப் பெண்ணின் குட்டிகளுக்குப் பால் கொடுப்பதும் உண்டு. இதை விட்டுக்கொடுப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

இந்த அடக்குமுறையால் தலைமைக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் நேரடியாகச் சோதித்திருக்கிறார்கள். 2014இல் வெளியான ஆய்வில், சில கூட்டங்களில் இளைய பெண்கள் அனைத்துக்கும் கருத்தடை மருந்து செலுத்தினர். அந்தக் கூட்டங்களில் தலைமைப் பெண்ணின் சீற்றம் குறைந்தது, விரட்டுதல் குறைந்தது, அதன் உடல் எடை கூடியது, குட்டிகளும் கனமாகப் பிறந்தன.

தந்தையரும் விலக்கல்லர். கென்யாவின் வெண்ணெற்றிப் பஞ்சுருட்டான்களில், மகன் இணை சேர்ந்து தனிக்கூடு தொடங்கும்போது, மகன் தன் பெடைக்கு இரை கொடுப்பதைத் தந்தை தடுத்தும் வளையின் வாயிலை மறித்தும் தொல்லை கொடுத்து, அவன் தன் கூட்டைக் கைவிட்டுத் தந்தையின் கூட்டுக்கு உதவியாளனாகத் திரும்பும்படி செய்வதை எம்லனும் ரெகேயும் 1992இல் பதிவு செய்தனர். கலிபோர்னியாவின் கருவாலி மரங்கொத்திகளில் உடன்பிறந்த பெண்கள் ஒரே பொந்தில் முட்டையிடும். ஒன்று முதலில் இட்ட முட்டையை மற்றொன்று வெளியே எடுத்துவந்து அழித்துவிடும். முட்டைக்குச் சொந்தக்காரியும் சேர்ந்து அதைத் தின்னும். இருவரும் ஒரே நாளில் இடத் தொடங்கும் வரை இது தொடர்கிறது. முடிவில் அவற்றின் பங்கு ஏறத்தாழச் சமமாகிவிடுகிறது. அந்தச் சமன் அழிக்கப்பட்ட முட்டைகளின் விலையில் கிடைத்தது என்பதை மறக்கக்கூடாது.

தேவகோட்டை விரிவுரையாளர் (ஓய்வு) எழுதியது:

புதுவயல் நண்பர் சொன்ன மரங்கொத்தியோடு உகாண்டாவின் பட்டைக் கீரியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே கூட்டத்தில் பல பெண்கள் ஈனுகின்றன. பெரும்பாலும் எல்லாம் ஒரே இரவில் ஈனுகின்றன. முந்தி ஈன்றால் குட்டிகள் கொல்லப்படும் வாய்ப்பு மிகுதி. மிகப் பிந்தினால் பெரிய குட்டிகளோடு போட்டியிட முடியாமல் மெலியும். ஒரே நாளில் ஈன்றுவிட்டால் எது யாருடைய குட்டி என்று பிரித்தறிய முடிவதில்லை என்பதே அவற்றைக் காப்பதாகத் தெரிகிறது. சிங்கத்திடம் சமன் நிலவுவதற்கும் இதற்கு அருகிலான காரணம் சொல்லப்படுகிறது: பெண் சிங்கம் ஈனும் நாள்களில் கூட்டத்தை விட்டு விலகி மறைவிடத்தில் ஈனுகிறது, ஒன்று மற்றொன்றின் ஈற்றைத் தடுக்க நெருங்குவது கடினம், கூரிய பல்லும் நகமும் உள்ள இருவர் மோதினால் வென்றவருக்கும் காயம். அடக்க முடியாத இடத்தில் சமன் நிலவுகிறது என்பதே என் புரிதல்.

ஆண் சிங்கங்களின் கதை இதற்கு மாறானது. இரண்டு மூன்று ஆண்கள் சேர்ந்த அணிகளில் உறவினர் அல்லாதோரும் இருப்பர். அங்கே தந்தையாகும் வாய்ப்பு ஓரளவு பகிரப்படுகிறது. நான்குக்கு மேற்பட்ட பெரிய அணிகளில் சிலவே தந்தையாகின்றன. அத்தகைய பெரிய அணிகளில் உறவினர் மட்டுமே சேர்கின்றனர் என்பது 1991இல் மரபணுச் சோதனையால் தெரியவந்தது. பங்கு கிடைக்காத இடத்தில் யாரும் உழைக்கமாட்டார் என்று கானாடுகாத்தான் நண்பர் எழுதினாரே, உறவினர் அல்லாதவரைப் பொறுத்தவரை சிங்கங்கள் அதை மெய்ப்பிக்கின்றன.

ஆனால் அதற்கும் ஒரு மறுப்பு உண்டு. ஐரோப்பியக் காகிதக் குளவியான போலிஸ்டஸ் டாமினுலாவில் கூடு தொடங்கும் பெண்களுள் 35 விழுக்காடு, மற்றவற்றுக்கு உறவே இல்லாதவை என்று 2000இல் கண்டறிந்தனர். அவை உழைத்துக் காத்திருப்பது ஏன் என்பதற்கு விடை 2011இல் தென் ஸ்பெயினில் கிடைத்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குளவிகளின் வாழ்க்கையைக் கணக்கிட்டபோது, இளையதாகத் தங்குபவை, முதல்வி இறந்து கூடு தமக்குக் கிடைக்கும் வாய்ப்பின் வழியாக, தனியே கூடு தொடங்கியவற்றைவிடச் சராசரியாகக் கூடுதல் பிள்ளைகளைப் பெற்றன. இன்று பங்கு இல்லை என்றாலும் வரிசையில் இடம் இருக்கிறது. பெங்களூர்க் குளவியிலும் தம்பி எழுதியது இத்தகைய வரிசையே.

பள்ளத்தூர் ஆசிரியை எழுதியது:

நான் எதிர்பார்த்ததைவிட மிகச் செறிவான விளக்கங்கள். மாணவியர் எழுப்பும் இரண்டு ஐயங்களை இங்கே வைக்கிறேன். குன்றக்குடி மலையடிவாரத்தில் தோகை விரித்தாடும் மயில்களிலும் ஒரு சிலவே பல பெடைகளோடு சேர்கின்றன என்று படித்தார்கள். அதுவும் இதே வகையா? இரண்டாவது, கறையான் புற்றிலும் ஓர் இராணிதானே. தேனீயின் உறவுக் கணக்கு அதற்கும் பொருந்துமா?

காரைக்குடி ஆய்வு மாணவர் எழுதியது:

மயிலில் ஏற்றத்தாழ்வு மிகக் கடுமையானதுதான், ஆனால் அதை உண்டாக்குவது பெடையின் தேர்வு. ஆண் மயில்கள் சேர்ந்து குஞ்சு வளர்ப்பதில்லை. ஒன்றின் உழைப்பு மற்றொன்றின் பிள்ளைக்குப் போவதில்லை. ஆகவே இந்த இழையின் கேள்வி அங்கே எழாது.

கறையானைப் பற்றிய ஐயம் மிக நல்லது. தேனீ, எறும்பு, குளவி ஆகியவற்றில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறப்பதால் உறவுக் கணக்கு வேறுபடுகிறது. கறையானில் ஆணும் பெண்ணும் நம்மைப் போலவே தாய் தந்தை இருவரிடமிருந்தும் மரபணு பெறுகின்றன. மழைக்குப் பின் பறக்கும் ஈசல்களுள் இணை சேர்ந்த இரண்டு மண்ணுக்குள் சென்று சிறகுதிர்த்துப் புற்றைத் தொடங்குகின்றன. இராணியோடு அரசனும் வாழ்நாள் முழுதும் உடன் இருக்கிறது. எனவே பிறப்பவை முழு உடன்பிறப்புகள். எறும்பு, தேனீ, குளவி ஆகியவற்றிலும், கூட்டு வாழ்க்கை முதன்முதலில் தோன்றிய மூதாதையரிடம் இராணி ஒரே ஆணோடுதான் கூடியது என்பதை 2008இல் வில்லியம் ஹியூசும் உடன் ஆய்ந்தவர்களும் மரபுவழி ஒப்பீட்டால் காட்டினார்கள். உடன்பிறப்பு தன் பிள்ளைக்கு நிகரான உறவாக இருந்த இடங்களில்தான் ஈனாமை நிலையாக வேரூன்றியிருக்கிறது. தேனீ இராணி பல ஆண்களோடு கூடுவது பின்னர் வந்தது. அதற்குள் பணித்தேனீக்களுக்குத் திரும்பிப் போக வழி இல்லாமல் போய்விட்டது.

தவிட்டுக்குருவிக்கு வருவோம். அதன் உறவினமான அரேபியச் சிலம்பனை இஸ்ரேலில் அமோட்ஸ் சகாவி 1970களிலிருந்து ஆய்ந்தார். அங்கே பெரும்பாலான குஞ்சுகள் தலைமை இணைக்கு உரியவை. மகன் தன் தாயோடு இணை சேர்வதில்லை என்பதால், கூட்டத்தில் தாய் மட்டுமே பெண்ணாக இருக்கும்வரை அவனுக்கு ஈனும் வழியே இல்லை. வெளியிலிருந்து புதிய பெண் வந்து சேர்ந்தால் நிலை மாறுகிறது. அங்கே யாரும் யாரையும் அடக்கவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. நெருங்கிய உறவில் இணை சேராமை ஒன்றே ஏற்றத்தாழ்வை உண்டாக்கிவிடுகிறது. நம் கொல்லைப் பறவைகளிலும் இதற்கு இடம் இருக்கிறதா என்பதை மரபணுச் சோதனையின்றிச் சொல்ல இயலாது. கசின் தீவிலேயே, உதவியாளர் என்று கருதப்பட்ட பெண் பறவைகளுள் பல, அதே கூட்டில் தம் முட்டையையும் இட்டிருந்தன என்பது மரபணுச் சோதனைக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆகவே, ஊட்டும் பறவைகளை எண்ணுங்கள். ஆனால் ஊட்டுபவை ஈனாதவை என்று எழுதிவிட வேண்டாம். சுடலைக்குயிலும் அக்காக்குயிலும் தவிட்டுக்குருவிக் கூட்டில் முட்டையிடும் என்பதால், குஞ்சுகளுள் ஒன்று மாறுபட்டிருந்தால் அதையும் தனியே குறித்துவையுங்கள்.

பள்ளிக்கு ஏற்றது குளவிக்கூடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தாழ்வாரத்து இறப்பில் உள்ள கூடுகளையெல்லாம் தட்டிவிடுவது நம் ஊர் வழக்கம். யாரும் அடிக்கடி நடமாடாத மூலையில் உள்ள ஒன்றை விட்டுவைக்கச் சொல்லுங்கள். கொட்டினால் வலிக்கும் என்பதால் கையெட்டும் தொலைவுக்குப் போகாமல், கைப்பேசியின் ஒளிப்படக்கருவியில் பெரிதாக்கிப் பார்க்கலாம். யார் யாரை அதட்டுகிறது, எது இரையோடு வருகிறது, எது கூட்டை விட்டு நீங்காமல் அறைக்குள் வயிற்றைச் செலுத்தி முட்டையிடுகிறது என்று நாள்தோறும் ஒரே நேரத்தில் குறித்துவந்தால், முட்டையிடும் குளவி முரட்டுக் குளவிதானா என்ற கேள்விக்கு மாணவியர் தாமே விடை காண முடியும். இராணி இயல்பாக மறைந்து ஒரு குளவி திடீரெனச் சீற்றம் கொள்ளும் நாளைக் காணும் வாய்ப்புக் கிடைத்தால், அந்தக் குறிப்பேட்டை இந்த இழையில் பதிவிட வேண்டுகிறேன்.